கொழுந்தில் தெரிந்த மஞ்சள்

கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்கள், பௌர்ணமி முடிந்ததும் அடுப்புச் சாம்பலைக் கொட்ட இடம் தேடுவார்கள். அடி அண்ணாமலையில் எங்கள் நிலம் பாதையை ஒட்டியே இருக்கிறது. சும்மா வருகிற உரத்தை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. மூன்று பௌர்ணமிச் சாம்பலையும் வாங்கி இறைத்துவிட்டு மல்லாட்டை போட்டேன். என் மனைவி விரல் நோக நிலக்கடலை ஓடு உடைத்து எடுத்த விதை அது.

இருபத்தைந்தாம் நாள் பார்த்தால் வயலே மஞ்சள். தழைச்சத்துப் பசிதான் என்று யூரியா போட்டேன். ஒரு வாரத்தில் இன்னும் வெளுத்தது. உழுதுவிட்டு வேறு ஏதாவது போடலாம் என்று டிராக்டருக்குச் சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டு மனைவி வயலுக்கு வந்து ஒரு செடியைப் பிடுங்கினாள்.

"இது பசி இல்லீங்க. கீழ் எலை பச்சையா கீது பாருங்க. கொழுந்துதான் வெளுத்துட்டுது."

"எங்க வெளுத்தா இன்னா? மஞ்சள் மஞ்சள்தானே?"

"சோறு கம்மியானா நான் தின்னுட்டு புள்ளைய பட்டினி போடுவனா?"

அந்தச் செடியை எடுத்துக்கொண்டு டவுனில் உரக்கடைக்குப் போய், அவள் சொன்னதையும் சொன்னேன். கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள்.

"உங்க வீட்ல சொன்னது கரெக்டுண்ணா. தழைச்சத்து கொறைஞ்சா, செடி கீழ் எலைல இருந்து எடுத்து கொழுந்துக்கு அனுப்பும். இரும்புச்சத்த அப்படி அனுப்ப முடியாது. சாம்பல் கொட்டினீங்களா?"

"கொஞ்சம்."

"எத்தினி வண்டி?"

சொன்னேன். சிரித்துவிட்டார்.

"இரும்பு மண்லயேதான் இருக்கும். சாம்பல் ஜாஸ்தியானா மண்ணு காரமாயிடும், இரும்பு கரையாது. வேரும் சும்மா இருக்காது, புளிப்பு கசிய விட்டு கரைச்சுப் பாக்கும். நீங்க வண்டி வண்டியா கொட்டினா அது இன்னாதான் பண்ணும், பாவம்!"

இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பு கொடுத்தார். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் சேர்த்துத் தண்ணீரில் கரைத்து, இலை நனையத் தெளிக்கச் சொன்னார். டிராக்டர்காரரிடம் பத்து நாள் தவணை கேட்டேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருவருமாகத் தெளித்தோம். அப்புறம் தினமும் காலையில் அவள் கொழுந்தைத்தான் பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். எட்டாம் நாள், "வர வேணாம்னு டிராக்டருக்குச் சொல்லிடுங்க" என்றாள்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் சாம்பல் வண்டி வழக்கம்போல் வந்து நின்றது.

"அண்ணா, எங்க கொட்டறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் வந்தது. "பாத்திரம் தேய்க்க ஒரு கூடை வெச்சிட்டு, மீதிய அப்படியே எடுத்துனு போப்பா."