ஒரு விரலுக்கு நிற்காத வண்டி

செருப்பை மாட்டுவதற்கு முன்னால் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, வண்டியின் முன் பிரேக்கை ஆள்காட்டி விரலால் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொள்ளும். "இன்னிக்கும் அப்படியேதான் இருக்கியா? சரி, இரு" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவது போலிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் ஊசி அத்தை. "எறும்புகூட இதைவிட நல்லா கடிக்கும், பார்க்கிறியா?" என்று கேட்டு, பிள்ளை யோசித்து முடிப்பதற்குள் குழாயை நிரப்பிவிடுவாள். நாற்பதை நெருங்குகிறாள். நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் தூக்கியிருக்கும். எப்போதோ பாறையில் பட்டது.

அவள் வண்டி மோட்டார் வண்டிதான், ஆனால் சீட் கிடையாது. ட்ரையல்ஸ் வண்டி அப்படித்தான். நின்றபடியே ஓட்டி, தரையில் கால் ஊன்றாமல் பாறை மேலும் மரக்கட்டை மேலும் ஏறி இறங்க வேண்டும். வேகம் யாருக்கும் வேண்டாம். பாறை உச்சியில் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணத்தில் வண்டியையும் ஆளையும் பிடித்து நிறுத்துவது முன் பிரேக்கில் வைத்த ஒற்றை விரல். "மத்த விரலெல்லாம் கைப்பிடிக்கு. இந்த ஒண்ணு உசுருக்கு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கல்குவாரிக்கு அக்காவும் கூட வருவாள். அக்காவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் தங்கை ஏறுகிற பாறைக்குக் கீழே எப்போதும் வலது பக்கம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். வண்டி சரிந்தால் எட்டிப் பிடித்துவிடுவாள். "விழுந்தா என் மேலதானே விழப்போற, ஏறுடீ!" என்ற சத்தம் குவாரி முழுக்கக் கேட்கும். போன வருடம் மாமாவுக்குக் கடல் தாண்டி மாற்றல் வந்தது. இப்போது இங்கே விடியும்போது அக்கா அங்கே ராத்திரித் தூக்கத்துக்குப் படுக்கையை உதறிப் போடுகிறாள்.

அக்கா போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக இடுப்புயரப் பாறையில் ஏறினாள். உச்சியில் நிறுத்த விரலை அழுத்தினாள். வண்டி நிற்காமல் பின்னால் வழுக்கி அவளோடு கீழே வந்தது. தொடை கறுத்துப்போனது. போனில் அக்காவிடம், "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு சமதரையில் வட்டமடித்ததோடு சரி. லீவர் நாளுக்கு நாள் கொஞ்சங்கொஞ்சமாகத் தொய்ந்ததால், பிரேக்கில் குறை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அக்கா இல்லாததால் தன் கைதான் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டியிருந்தாள். காலையில் லீவரை அழுத்துவதெல்லாம் தன் விரலைச் சோதிக்கத்தான்.

ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அண்ணன் ஒருநாள் ஏதோ வாங்க வீட்டுக்கு வந்தவர், சும்மா லீவரை அழுத்திப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "என்னம்மா இது, தலகாணி மாதிரி அமுங்குது! இதை வெச்சுக்கிட்டா மலை ஏறினே?"

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப என் கை இல்லையா?"

"கைக்கு என்ன வந்தது? ஆயில் குழாய்ல ஏர் புடிச்சிருக்கு."

அன்றே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினாள். டிஸ்க்கைத் துடைத்தாள். பேட் தேயவில்லை, எண்ணெயும் படவில்லை. குழாயில் எங்கும் கசிவில்லை. லீவரை நாலைந்து முறை படபடவென்று அடித்தால் கொஞ்சம் இறுகியது. விட்டால் மறுபடி தொளதொள. காற்றேதான். லீவரை ஒட்டி மேலே இருந்த ஆயில் டப்பாவைத் திறந்தால் பிரேக் ஆயில் ஆறிப்போன டீ நிறத்தில் கிடந்தது. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, சக்கரத்துப் பக்கமுள்ள நிப்பிளில் டியூபை மாட்டிக் கீழிருந்து மேலாக மெல்லத் தள்ளினாள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. குழாயை ஸ்பேனர் பிடியால் தட்டித் தட்டி, ஒட்டிக்கொண்டிருந்ததையும் கிளப்பினாள். லீவர் பாதி தேறியது. பாதி தேறவில்லை.

அப்போது அக்கா கூப்பிட்டாள். "என்னடி அது, டொக்கு டொக்குன்னு?"

"பிரேக் பார்க்கிறேன்."

"அதுக்கு என்ன?"

பொய் சொல்ல வாயெடுத்தவளுக்கு வரவில்லை. "கதவுல இடிக்கலக்கா. விழுந்துட்டேன்."

திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். வரவில்லை.

"யாருடி தூக்கிவிட்டா?"

"யாருமில்ல. நானே எழுந்துட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அக்கா சொன்னாள்: "இங்க ஞாயித்துக்கிழமைன்னா என் கை சும்மாவே இருக்க மாட்டேங்குதுடி. துவைச்ச துணியையே திரும்பத் துவைக்கிறேன். உங்க மாமா சிரிக்கிறார்."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குழாயை மறுபடி தட்டினாள். அக்கா, "போ, போய் அதைச் சரிபண்ணு" என்றாள்.

மிச்சக் காற்று லீவர் பக்கத்தில்தான் ஒளிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் ஹேண்டில்பாரைத் திருப்பி, லீவர் இருக்கிற முனை எல்லாவற்றையும்விட மேலே வரும்படி வைத்தாள். லீவரை நன்றாக அழுத்தி, ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டினாள். சாயங்காலம் வந்து அவிழ்த்து, மெல்லத் தட்டிக்கொண்டே லீவரைக் கொஞ்சங்கொஞ்சமாக அழுத்தி விட்டாள். டப்பாவுக்குள் கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்து நின்றுபோயின. பிறகு விரலை வைத்து அழுத்தினாள். லீவர் பாதி வழியிலேயே கல் போல நின்றது. அவள் ஷெட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் அண்ணன், "நான் வந்து நிக்கிறேம்மா, தனியா ஏறாதே" என்று குவாரிக்கு வந்தார். அதே இடுப்புயரப் பாறை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாறைக்குக் கீழே வலது பக்கம் போய்க் கைகளை நீட்டி நின்றார்.

அவள் எஞ்சினைக் கிளப்பினாள். ஏறவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

"அண்ணே, கொஞ்சம் இடது பக்கம் நில்லுங்களேன்."

"ஏம்மா, அந்தப் பக்கம்தான் சரியுமா?"

"இல்லண்ணே."

அவர் வேறொன்றும் கேட்காமல் இடது பக்கம் போனார். அவள் ஏறினாள். உச்சியில் ஒற்றை விரலுக்கு வண்டி அசையாமல் நின்றது. அவள் முகத்தை வலது பக்கம் திருப்பி, அங்கே கீழே இருந்த வெறும் தரையைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, விரலைத் தளர்த்தினாள்.