இட்லிப் பானையில் பச்சை மரத்தூள்

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் காணவில்லை. புதுசு, நேற்றுதான் பிரித்தேன். தேடிப் போனால், என் கணவர் அதைக் கிள்ளிக் கிள்ளிக் குச்சிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பரணில் கிடந்த என் அப்பாவின் பொம்மை ரயிலுக்கு மரம் செய்கிறாராம். அம்மாவின் எரிச்சல் அப்படியே எனக்கும் வந்தது.

என் சின்ன வயதில், மூக்கண்டப்பள்ளி வீட்டில் அப்பா கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்தால் அந்தத் தகர ரயிலோடுதான் உட்காருவார். ஒருநாள் தண்டவாள ஓரத்துக்குப் புல் வேண்டுமென்று, மரத்தூளைப் பச்சைச் சாயத்தோடு இட்லிப் பானையில் கொதிக்க வைத்துவிட்டார். அவரோடு வெகுநாளாகப் பேச்சை நிறுத்தியிருந்த மாமா, அம்மாவின் அண்ணன், சமாதானம் பேச ஊத்தங்கரையிலிருந்து வந்ததும் அன்றைக்குத்தான். அண்ணனுக்கு இட்லி ஊற்றலாமென்று அம்மா பானையைத் திறந்தாள்.

"ஏங்க, இது சோறாக்குற வீடா, என்னா?"

மாமா குனிந்து, தண்டவாளத்தின் மேல் அப்பா அட்டையில் செய்து வைத்திருந்த மலையைப் பார்த்தார்.

"இந்தக் குகைக்குள்ள ரயிலு போவாது மாப்ள. வாய் சின்னதா இருக்குது."

அப்பா கத்தரிக்கோலை நீட்டினார். பழைய சண்டையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் உட்கார்ந்து குகையை வெட்டினார்கள்.

அம்மா உப்புமா கிண்டிவிட்டுக் கூப்பிட்டாள். "தோ வர்றோம்" என்றார்கள். மறுபடி கூப்பிட்டாள். அதே பதில். எப்போதும் எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிடுகிற அம்மா, தட்டில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

விரலில் பசையோடு இருவரும் ஒருவழியாக வந்தார்கள்.

"உப்புமா இருக்குதாம்மா?" என்றார் மாமா.

"அடிப்புடிச்சது இருக்குதுண்ணா" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் சுரண்டிக்குங்க."