மூட்டை பிரித்த நாளில் எடுத்த கறுப்புக் கோட்டு

ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியும் எனக்கு வேலை இல்லை. அப்போதுதான் பாசீர் கூடாங்கில் ஒரு ஜப்பானியக் கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அலுவலக வேலை, குளிர்சாதன அறை, எனக்கென்று ஒரு மேசை. அது கிடைக்காவிட்டால் அம்மா வேலை செய்யும் தொழிற்சாலையில், அம்மா நிற்கும் அதே உற்பத்தி வரிசையில் நானும் போய் நிற்க வேண்டும். சூப்பர்வைசரிடம் அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

நேர்முகம் என்றால் கோட்டு வேண்டும். கோட்டு என்றால் எனக்குப் பண்டல் கடைதான். மாசாயில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னாலேயே ஒன்று இருக்கிறது. ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய துணி வரும். மூட்டை பிரிக்கும் நாளில் ஷட்டர் ஏறுவதற்கு முன்பே வாசலில் நிற்பவர்களில் நானும் ஒருத்தி. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மற்றவர்கள் பிராண்டு பார்ப்பார்கள். நான் முழங்கை பார்ப்பேன், அக்குள் பார்ப்பேன், கழுத்து மடிப்பில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். எத்தனை தடவை உடுத்தியது என்று துணியே சொல்லிவிடும்.

அன்று குவியலுக்குள் கையை விட்டதும் அது வந்தது. காலர் இல்லாத கோட்டு, அதற்குச் சேர்ந்தாற்போல் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கவுன். அப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததில்லை, கொஞ்சமும் மினுக்கம் கிடையாது. பொத்தான்களுக்குக்கூட அதே துணியைச் சுற்றியிருந்தார்கள். எங்கும் தேய்மானம் இல்லை. யாரோ நாலைந்து தடவைதான் உடுத்தியிருக்க வேண்டும். இவ்வளவு நல்ல துணியை ஏன் எடுத்து உடுத்தாமல் வைத்திருந்தார்கள் என்று நான் யோசித்திருக்கலாம். கல்லாவில் இருந்த மலாய்க்கார அக்கா அழகாயிருக்கிறது என்றார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப யாராச்சும் கறுப்பு போடுவாங்களா?"

"ஆபிஸ்ல எல்லாரும் கறுப்புதாம்மா. ஜப்பான் கம்பெனி, ஜப்பான் கோட்டு. பார்த்ததும் புரிஞ்சுக்குவாங்க லா."

புரிந்துகொண்டார்கள்.

அறையில் இருவர் இருந்தார்கள். மனிதவளப் பிரிவுச் சீனப் பெண் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்த ஜப்பானிய மேலாளர் சான்றிதழைப் பார்க்கவில்லை, என் கோட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில், என் வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து விளங்கியது. எங்கள் சாவு வீட்டில் வெள்ளை. அவர்கள் ஊர்ச் சாவு வீட்டில் இது. நாலைந்து தடவை மட்டும் உடுத்தியதன் காரணமும் இதுதான்.

பண்டல் கடையில் எடுத்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார், நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவு. இந்த இரண்டு வருடத்தில் எந்த நேர்முகத்திலும் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

"என் அம்மா," என்றேன். "போன வாரம்."

அம்மா அந்நேரம் கம்பெனி வாசலில், காவலர் கூண்டுக்குப் பக்கத்தில், மோட்டாரில், மடியில் ஹெல்மெட்டோடு எனக்காகக் காத்திருந்தார்.

மேலாளர் எழுந்து நின்று தலை குனிந்தார். அந்தப் பெண் டிஷ்யூ எடுத்து நீட்டினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது, பத்து நாள் கழித்துக் கூப்பிடுகிறோம் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். என்ன கேட்டார்கள் என்று அம்மா கேட்டார். நல்லா பேசினாங்க, திரும்பக் கூப்பிடுவாங்க என்றேன். வழி நெடுக அம்மா பாடிக்கொண்டே மோட்டார் ஓட்டினார்.

சொன்னபடியே கூப்பிட்டார்கள். நான் அப்போது பண்டல் கடையில் வேறு நிறக் கோட்டு தேடிக்கொண்டிருந்தேன். கடைச் சத்தத்தில் பைக்குள் அடித்த போன் கேட்கவில்லை. படிவத்தில் நான் இன்னொரு எண்ணும் எழுதியிருந்தேன். அவசரத்துக்கு அழைக்க, அம்மாவின் எண். யாருடையது என்று பார்க்காமலே அதற்கும் அடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னார்:

"உன் பேரச் சொல்லித்தான் கேட்டாங்க. நான் அவங்க அம்மா பேசறேன்னேன். அம்மாவான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் சாரி, ராங் நம்பர்னு வச்சிட்டாங்க. ராங் நம்பர்னா உன் பேரு எப்படித் தெரியும்?"

லைன் கோளாறாக இருக்கும் என்றேன். நீயே கூப்பிட்டுக் கேளேன் என்று அம்மா இரண்டு நாள் நச்சரித்தார். நான் போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். என்னவென்று பேசுவது?

அடுத்த திங்கட்கிழமை அம்மாவோடு வரிசையில் போய் நின்றேன். இப்போதும் ஓய்வு நேரங்களில் அம்மா கைபேசியைத் திறந்து பார்க்கிறார். அன்று கூப்பிட்ட எண்ணை 'ஜப்பான் கம்பெனி' என்று பெயர் போட்டுச் சேமித்து வைத்திருக்கிறார். நான் எட்டிப் பார்ப்பதில்லை.