சாதிக் பாட்சா சொல்லாத வார்த்தை

முகத்தை நம் பக்கம் வைத்துக்கொண்டு முதுகுப்புறமாகவே நடக்கிறார் சாதிக் பாட்சா. ரங்கூனை அடுத்த சிரியத்தில் கூரையில்லாத பழைய மாதா கோயிலுக்குப் போகும் பாதையில் பள்ளம் உண்டு, வேர் உண்டு, மழைக்காலமானால் பாம்பும் உண்டு. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். "பின்னால இருக்கறது நூத்தம்பது வருசத்துக்கு மேல அங்கயேதான் கெடக்கு தம்பி. எங்க ஓடப்போவுது? உங்களத்தான் கண்ணுல வச்சிருக்கணும்" என்பார்.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தகப்பனார் நாகூரிலிருந்து கப்பலேறி வந்தவர்; தாயார் பெகுவில் பிறந்த பர்மியப் பெண். ரங்கூனுக்கு வரும் கப்பல் பிரயாணிகளுக்குச் சுற்றுவட்டாரத்துப் பழைய இடங்களைக் காட்டுவதுதான் முப்பது வருஷத் தொழில். இங்கிலீஷும் அப்படியே துறைமுகத்தில் நின்று காதால் கற்றது. லுங்கி, கறுப்புக் கோட்டு, துருக்கித் தொப்பி. பர்மியர்கள் அவரை 'கோ பாட்சா', அதாவது பாட்சா அண்ணன், என்கிறார்கள். அவர் தம்மை "எடம் காட்டறவன்" என்று மட்டும் சொல்லிக்கொள்வார்.

இந்தத் தொழிலில் உள்ள மற்றவர்கள் இடிந்த சுவருக்கு ஒரு இளவரசி, பாழுங்கிணற்றுக்கு ஒரு புதையல் என்று தாராளமாகக் கொடுப்பார்கள். இவரிடம் அது கிடையாது. மாதா கோயிலுக்குள் எழுத்துத் தேய்ந்த கல்லறை ஒன்றைக் காட்டி, யாருடையது என்று கேட்டால், "பேரு அழிஞ்சிப்போச்சு, நான் எங்கேருந்து கொண்டாருவேன்?" என்று முடித்துவிடுவார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி பேய்க்கதையாவது சொல் என்று கெஞ்சினாளாம். "இன்னும் பார்க்கலம்மா, பார்த்தா சொல்றேன்" என்றாராம்.

சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஒரு துரையையும் துரைசானியையும் சிரியத்துக்கு அழைத்துப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். மொகல் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா நான். பழைய இடங்கள் மேல் பைத்தியம். "சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிட்டு வாங்க தம்பி, நம்ம ஆளுன்னு சொல்லிடறேன்" என்றார்.

மாதா கோயிலைப் பார்த்து முடித்ததும், பக்கத்து மேட்டில் தெரிந்த சின்ன பயாவையும் பார்க்கவேண்டும் என்றாள் துரைசானி. பயா என்றால் புத்தர் கோயில். இந்த ஐந்தாறு வருஷமாகப் பல பயாக்களில் வெள்ளைக்காரர்களும் செருப்பைக் கழற்றியே ஏறவேண்டும் என்று ஏற்பட்டிருக்கிறது. அதற்காக ஏறுவதையே விட்டுவிட்ட துரைமார்கள் உண்டு. மேட்டின் அடியிலேயே பாட்சா அதைச் சொல்லிவிட்டார். துரைசானி முதல் படியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். துரை பூட்ஸோடு மேலே ஏறினார். பாட்சா தம் செருப்பை உதறிவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

மேலே திருவிழாப் பந்தலுக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள் ஏழெட்டு இளைஞர்கள். கையில் முழ நீளக் கத்தி. துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் மூங்கில் பிளக்கிற சத்தம் நின்றது. கோயில் விசாரணைக்காரர் ஊ பே, ஒல்லியான கிழவர், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இறங்கி வந்தார். துரை தம் பிரம்பைச் சந்நிதிப் பக்கம் நீட்டி ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். நான் கூடையோடு இருபது படி கீழே நின்றேன். வார்த்தை காதில் விழவில்லை. பிரம்பு நீண்ட விதத்திலேயே நல்ல வார்த்தை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"கோ பாட்சா, என்ன சொன்னான்?" என்று ஊ பே பர்மியத்தில் கேட்டார்.

பாட்சா துரைக்கும் கிழவருக்கும் நடுவே வந்து நின்றார்.

"சொல்லு அவனிடம்!" என்று துரை அதட்டினார். "நான் சொன்னதை அப்படியே சொல்லு!"

"அதைச் சொல்லமாட்டேன், துரை."

இளைஞர்கள் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவன் பாட்சாவின் கோட்டைக் கொத்தாகப் பிடித்தான். "வெள்ளைக்காரன் திட்டினதை மறைக்கிறாயா? நீ யார் ஆள்?" என்றான். மற்றொரு கையிலிருந்த கத்தியின் தட்டைப்பக்கம் அவர் காதுக்குக் கீழே வந்து நின்றது. தொப்பி உருண்டு என் காலடிக்கு வந்தது. துரை பிரம்பை ஓங்கினாற்போல் பிடித்துக்கொண்டு, "ஆர்டர் போடுகிறேன், சொல்லு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கால் வலி, கழற்ற முடியவில்லை என்கிறார் என்று ஒரு பொய் போதும், எல்லாம் அடங்கிவிடும். "பாய், ஏதாவது சொல்லித் தொலைங்க!" என்று தமிழில் கத்தினேன்.

அவர் தலையை அசைக்காமல் பதில் சொன்னார். "உள்ளதைச் சொன்னா இங்க ரத்தம் விழும், தம்பி. இல்லாததைச் சொல்ல நமக்கு வாய் வரமாட்டேங்குது." பிறகு அந்த இளைஞனைப் பார்த்துப் பர்மியத்தில், "காதால கேட்டேன். என் வாயால வராது. வெட்டறதா இருந்தா வெட்டு" என்றார்.

கத்தி அவர் கழுத்தைவிட்டு அசையவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. அதற்குள் துரைசானி எழுந்துவிட்டாள். வெறுங்காலோடு என்னைத் தாண்டி, தன் புருஷனைத் தாண்டி, கத்திகளுக்கு நடுவே போய்விட்டாள். உச்சி வெயில், படியெல்லாம் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. அங்கே சூடு தாங்காமல் அவள் "ஆ!" என்று துள்ளி, பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். ஊ பே திரும்பிப் பார்த்தார். "தண்ணி! தண்ணி கொண்டா!" என்று கூவினார். கோட்டைப் பிடித்திருந்த அதே பையன் கத்தியைப் போட்டுவிட்டுக் குடத்தை எடுக்க ஓடினான். தண்ணீர் கொட்டிய படிகளில் அவள் ஏறிப் போனாள். இளைஞர்கள் வழிவிட்டார்கள்.

துரை பூட்ஸோடு இறங்கிப் போய் மாட்டுவண்டியில் உட்கார்ந்துகொண்டார். பாட்சா என்னிடம் வந்து தொப்பியை வாங்கித் தட்டிப் போட்டுக்கொண்டார். பிறகு துரைசானி முன்னால் போய்ப் பின்னோக்கி நடந்தபடி, அங்கிருந்த பெரிய மணியின் எடை தமக்குத் தெரியும், வார்த்தவன் பெயர் தமக்குத் தெரியாது என்று முறையாகச் சொல்லி முடித்தார்.

மறுநாள் கப்பல் ஏஜெண்டின் ஆபீஸுக்குத் துரையின் கடிதம் போயிற்று. ஆபத்துச் சமயத்தில் உத்தரவை மீறினான், சுதேசிகளோடு சேர்ந்துகொண்டான் என்று. துறைமுகத்துக்குள் போக அவர் வைத்திருந்த பித்தளை வில்லையைப் பிடுங்கிக்கொண்டார்கள். துரைசானி தம் பக்கம் ஒரு வார்த்தை எழுதுவாள் என்று பாட்சா இரண்டு வாரம் எதிர்பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வீட்டில் மனைவி கரீமா பீவி, "ஊரே பொய் சொல்லுது, உங்க நாக்குதான் தேஞ்சிடுமா?" என்று இன்னும் சண்டை பிடிக்கிறாளாம். "அவ சொல்றதும் நெசந்தான்" என்கிறார்.

இப்போது அவரை அழைத்துப் போகிறவர்கள் அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளைகள், ரயில்வே ஆட்கள், என்னைப்போன்ற குமாஸ்தாக்கள். நம்மவர்களுக்கு இடிந்த சுவரில் அவ்வளவு அக்கறை இல்லை. பாதி வழியில் சோற்றுமூட்டையை அவிழ்த்துவிடுகிறார்கள். அவர் விடாமல் பின்னோக்கி நடந்து எல்லாவற்றையும் காட்டுகிறார்.

போன ஞாயிறு அப்படி ஒரு கூட்டத்தோடு அக்கரை டாலாவுக்குப் போய்விட்டுச் சம்பான் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். நடு ஆறு. மற்றவர்கள் பேச்சில் இருந்தார்கள். பல நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"பாய், அன்னிக்கு அந்தத் துரை என்னதான் சொன்னான்? இப்ப சொன்னா என்ன?"

அவர் சொல்லத்தான் வந்தார். உதடு பிரிந்தது. பிறகு படகின் விளிம்பில் குனிந்து, அந்தச் சேற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி, வாயை நன்றாகக் கொப்பளித்து ஆற்றிலேயே துப்பினார்.