போர்வெல்லுக்குள் கடல்

போன வாரம் எங்கள் வீட்டுப் போர்வெல்லுக்குள் கடல் புகுந்துவிட்டது. சிரிக்காதீர்கள்... ஒரு நாள் முழுக்க நாங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்!

அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு இன்னும் பொதுக்குழாய் வரவில்லை. குளிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் போர்தான். உலகத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற யுனிவர்சிட்டி மாணவி கவிநிலா, இங்கே நிலத்தடியில் உப்பு ஏறுகிறதா என்று பார்க்க வீட்டுக்கு வீடு ஒரு பாட்டில் கொடுத்திருந்தார். காலையில் மோட்டார் போட்டதும் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். என் மனைவி செல்வி பிடித்து வைத்தாள். கவிநிலா வந்தபோது நான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் போன் வந்தது. "சார், உங்க தண்ணி கிட்டத்தட்ட கடல் தண்ணியாட்டம் இருக்கு. எனக்கே நம்ப முடியல. நாளைக்கு நானே வந்து புடிச்சுப் பாக்கறேன்."

போனை வைத்ததும் மகள் ஞாபகம்தான் வந்தது. அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். பச்சைக் குழந்தையை எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுவது? குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கரித்தது — சத்தியமாகக் கரித்தது! காலையில் அதே தண்ணீரில் காபி குடித்தவன் நான். படித்தவர்கள் சொன்னால் நாக்குகூடக் கட்சி மாறிவிடும் போலிருக்கிறது.

மறுநாள் கவிநிலா தானே தண்ணீர் பிடித்து, கையோடு கொண்டுவந்த மீட்டரை அதில் முக்கினார். முகம் மலர்ந்தது. "நல்ல தண்ணி சார்! அப்ப அன்னிக்குக் குடுத்தது எது?"

செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ... உன் பாட்டிலு மூடி நல்லா இறுக்கமா இருந்துச்சும்மா. அமாவாசைக்கு வீட்டுல தெளிக்கக் கொண்டாந்த கடல் தண்ணிய அதுல ஊத்தி வச்சிட்டேன். உனக்குப் புடிச்சது வேற பாட்டில்ல இருக்குது!"

திருஷ்டி கழிக்க வைத்திருந்த தண்ணீரை நான் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறேன்!

கவிநிலா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேள ஆன்ட்டி... இத அப்படியே எழுதியிருந்தா எங்க கைடு என்னத் தொலைச்சிருப்பாரு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டேன். "நீ தைரியமா வாம்மா. நம்ம தண்ணி தேனாட்டம் இருக்குது!"

"ஆனா சார், கடலோரத்துல எல்லாரும் உறிஞ்சிக்கிட்டே இருந்தா ஒருநாள் உப்பு உள்ள வரத்தான் செய்யும்" என்றார் கவிநிலா. பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன். அவர் மொட்டை மாடியைக் காட்டினார். அவருக்காகப் போட்ட மோட்டாரை அணைக்க மறந்ததில், டேங்க் நிரம்பி, தண்ணீர் சுவரோடு வழிந்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

கடல் உள்ளே வரவில்லை என்ற சந்தோஷத்தில், நல்ல தண்ணீரை நாங்களே கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்!