சைலன்சர் குடித்த பழப்புளி

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவருக்கு எஞ்சினைவிட சைலன்சர்தான் பெரிய கவலை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இன்றைக்குப் பளபளக்கிற சைலன்சர் அடுத்த மாரி முடிவதற்குள் சொறி பிடித்து நிற்கும். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்போடு இதை வாசிக்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நாவற்குடாவில் நானும் என் கணவரும் சைக்கிள் கழுவுகிற கொட்டில் ஒன்று போட்டிருந்தோம்; எங்கள் வாயில் மோட்டார் சைக்கிளும் வெறும் சைக்கிள்தான். கழுவுவது அவர், மினுக்குவது நான். கடையில் விற்கிற பொலிஷ் எங்கள் கைக்கு எட்டாத காலம் அது. குசினி அடுப்படியில் என்ன இருந்ததோ அதுதான் மருந்து.

மணலை மீனும் மாமியும்

கொட்டில் திறந்த புதிதில், சைலன்சர் முழுக்கத் தவிட்டு நிறமாகிப்போன ஒரு சைக்கிள் வந்தது. அதன் சொந்தக்காரப் பொடியன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ என்ன செய்வதென்றே தெரியவில்லை. பொங்கலுக்குக் குத்துவிளக்கு மினுக்குகிற ஞாபகம் வந்தது. குசினிக்குள் ஓடிப்போய் பழப்புளியை உப்போடு பிசைந்து கொண்டுவந்து அப்பினேன். ஒரு மூலையில் கொஞ்சம் வெளுத்தது. அவ்வளவுதான், எனக்கு உசார் வந்துவிட்டது. திரும்பத் திரும்ப ஓடியதில் புளிப்பானை காலி.

மத்தியானம் மாமி, என் கணவரின் தாய், மணலை மீனை வெட்டிக் கழுவி வைத்துவிட்டுப் பானையைத் திறந்திருக்கிறார். மீன் கையோடு கொட்டிலுக்கு வந்தார். சைலன்சரில் ஒட்டியிருந்த புளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொடியனிடம்தான் சொன்னார்: “தம்பி, இண்டைக்கு எங்கட வீட்டில குழம்பில்ல. உங்கட சைக்கிள் குடிச்சிட்டுது.”

பொம்பிளை பார்க்கப் போன வழியில்

வாகரைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும். ஆரையம்பதியில் மகனுக்குப் பொம்பிளை பார்க்கப் போகிறார்கள். பின்னால் இருந்த தாய், பழமும் பலகாரமும் வைத்த பிளாஸ்டிக் பையை இறக்கிப் பிடித்ததில், அது சைலன்சரில் பட்டு உருகி ஒட்டிக்கொண்டது. எங்கள் கொட்டிலடியில் நிறுத்தியபோது நாற்றம் ரோட்டு முழுக்க. பலகாரம் பாதி வழியிலேயே கொட்டுண்டு போயிருந்தது. தாய் கண் கலங்கி நின்றார். “சகுனம் சரியில்லடா. கிறுகி வீட்ட போவம்” என்றார். மகனின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

“இரிங்க அம்மா, ஒரு தேத்தண்ணி குடியுங்க” என்று இருத்தினேன். சூடு இருக்கும்போதே மர அகப்பையால் சுரண்டினேன். ஆறின பிறகு, மிச்சக் கறையை நகப்பூச்சு அழிக்கிற தண்ணியால் துடைத்தேன். கடைசியில் அப்பச்சோடாவும் பற்பசையும் போட்டுத் தேய்த்ததில், அந்தப் பக்கம் மட்டும் புதுச் சைக்கிள் மாதிரி மின்னியது. என் கணவர் சந்திக் கடையில் வேறு பழமும் பலகாரமும் வாங்கிவந்து கொடுத்தார். தாய் குனிந்து சைலன்சரில் பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு ஏறினார். பின்னேரம் திரும்பி வரும்போது சைக்கிளை நிறுத்தச் சொல்லி, இறங்காமலே சொன்னார்: “பொம்பிளை இவன்ட முகத்தப் பாக்கவே இல்ல புள்ள, சைலன்சரத்தான் பாத்தவ. ஆனா ஓம் எண்டிட்டா!”

பூமணி அக்கா

பெரியகல்லாற்றுப் பூமணி அக்காவின் கணவர் நோய் வருத்தம் வந்து இறந்துபோனார். அவருடைய சைக்கிள் அதற்குப் பிறகு தறப்பாள் விரித்து மூடியபடியே கிடந்தது. அடுத்த நாள் வாங்குவதற்கு ஆள் வருகிறான், கொஞ்சம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தாருங்கள் என்று, அக்காவின் தம்பி அதைச் சின்ன லொறியில் ஏற்றிவந்தார். அக்காவும் கூட வந்து, ஒரு ஓரமாக, வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சாப்பாடு சுற்றுகிற வெள்ளித்தாளைக் கசக்கி, வினாகிரியில் தோய்த்துத் தேய்த்தேன். துரு கரைந்து ஓட, அடியில் நீளமாக ஒரு கீறல் தெரிந்தது. “இத ஒண்டும் செய்ய ஏலாது அக்கா” என்றேன். அவர் எழும்பி வந்து கீறலில் விரலை வைத்தார். “எனக்கு அவர் இத ஓடப் பழக்கக்குள்ள விழுந்தது. ரெண்டு பேரும் சேத்துக்குள்ள. அவர் எழும்பாமலே கிடந்து சிரிச்சவர்” என்றார். என் கணவர் பெற்றோல் ஊற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டு, உதைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது.

அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினார். முதலில் ஆட்டம். பிறகு வாவிக்கரை ஒழுங்கையில் மெல்லப் போய், திரும்பி வந்தார். முகம் நனைந்திருந்தது. தம்பி பதறிப்போய், “அக்கா, நாளைக்கு ஆள் வாறானே!” என்றார். அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. “வாறவனுக்கு ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்பு. நான் இதிலதான் வீட்ட போறன்.”

எங்கள் வீட்டுச் சைக்கிள்

ஊரார் சைலன்சரெல்லாம் மின்ன, எங்களுடையது மட்டும் எப்போதும் சொறி பிடித்தே கிடந்தது. கோயில் திருவிழா ஒன்றுக்கு அதில்தான் போனோம். வாசலில் வைத்துச் சொந்தக்காரர் ஒருவர் நாலு பேருக்குக் கேட்க, “மினுக்கிற மனிசிய வீட்டில வச்சிக்கொண்டு இதென்ன கோலம்?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிரீஸ் போகாத நகங்களோடு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவர் ஆறுதலாகச் சொன்னார்: “வரிசையில முதல்ல நான் நிக்கிறன். என்னை மினுக்கின பிறகுதான் சைக்கிள்.”

ஓட்டுகிறவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத ஒரு குழாயை மினுக்குவதிலேயே என் நல்ல வயது போய்விட்டது என்று சிரித்தாலும், முழங்கால் மடங்காத இந்த நாளிலும் ரோட்டில் துருப்பிடித்த சைலன்சர் ஒன்று போனால் என் கை தானாகத் துணியைத் தேடுகிறது.