முதுகுப் பக்கம் நடந்த ஆட்டம்

மதுரையின் அந்தப் பெரிய ஸ்டேடியத்தில் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பதுதான் அந்தப் போலீஸ்காரரின் வேலை. நரைத்த மீசை, வெயிலில் கறுத்த கழுத்து. மைதானம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பினால் இன்ஸ்பெக்டர் சத்தம் போடுவார்.

“மூங்கில் கேலரி காலத்துலருந்து இங்க டூட்டி டீச்சர். சிமெண்டு படி வந்துச்சு, பெரிய லைட்டு வந்துச்சு. ஒரு கோலு பார்த்ததில்ல. அம்புட்டையும் சனங்க மூஞ்சியிலதான் பார்த்தேன்,” என்றார் என்னிடம்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் இன்னும் நிமிர்ந்து உட்காருவேன். அன்று பள்ளி மாணவிகளின் கால்பந்து இறுதிப் போட்டி. செல்லூரிலிருந்து எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள். ஆட்டம் பார்க்க வந்த மற்ற மாணவிகளோடு நான் கேலரியில், அவருக்கு எதிரே முன்வரிசையில் இருந்தேன்.

“எதிர் டீம்ல பத்தாம் நம்பர் எம் மக,” என்றார். “என்ன பண்ணுதுன்னு சொல்லுங்களேன்.”

சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓடுகிறாள், விழுந்துவிட்டாள், எழுந்துவிட்டாள். கடைசி நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தது அவர் மகள்தான். அவர் தலை பாதி திரும்பி, நின்று, மறுபடி என் முகத்துக்கு வந்தது.

எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து பந்தைப் பிடித்துவிட்டாள்; கோப்பை எங்களுக்கு. சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“சரி டீச்சர்,” என்றார். கொஞ்சம் கழித்து, “அழுவுதா?”

“தரையில உட்கார்ந்திருக்குண்ணே.”

ஆட்டம் முடிந்தாலும் கேலரி காலியாகும்வரை அவர் திரும்பக்கூடாது. அதனால் துள்ளிக்கொண்டிருந்த மாணவிகளை அவசரமாகக் கீழே இறக்கினேன். வாசலில் நின்று பார்த்தேன். கேலரியில் மற்றவர்கள் கோப்பை கொடுப்பதைப் பார்க்க அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தே நின்றுகொண்டிருந்தார்.